இராஜேஸ்வரி போட்ட முடிச்சு

போன கிழமை இராஜேஸ்வரியைக் குசினி மேசையில், இரண்டு வாளி கார்னேஷன் பூக்களுக்கு நடுவில், வாயடைத்துப்போன நிலையில் விட்டுவிட்டு வந்தோம். இளைய மகள் ராகவி ஊசியில் நூலைக் கோர்த்துக்கொண்டே, பால் முடிந்துவிட்டது என்று சொல்வதுபோல, "சனிக்கிழமை அக்காவும் வாறா" என்று சொல்லியிருந்தாள்.

அக்கா என்றால் தர்சினி. இரண்டு வருடத்துக்கு முன், கர்ப்பத்தின் எட்டாம் மாதத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவள். தொப்புள்கொடி பிள்ளையின் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. அதற்குப் பிறகு புருஷன் பிரதீப்குமாரோடு மெல்பனுக்குப் போய், ட்ருகனினாவில் வீடெடுத்து, தாயோடு பேச்சைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் பிறந்தநாளுக்கு ஒரு மெசேஜ் என்ற அளவில் கொண்டுவந்து நிறுத்தியவள்.

ஏன் என்று ஊருக்குத் தெரியாது. இராஜேஸ்வரிக்குத் தெரியும்.

அன்று தர்சினி போனில், "அம்மா, பிள்ளை அசையிற மாதிரித் தெரியேல்லை" என்றபோது, "எடி, அது நித்திரையாக்கும். குளிர்தண்ணி குடிச்சிட்டுச் சரிஞ்சு படு" என்று சொன்னவள் இவள்தான். மகளும் நம்பிப் படுத்தாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒருவர் பிழையும் இல்லை என்றுதான் டொக்டர் சொன்னார். தர்சினியும் வாய் திறந்து ஒரு குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுது தீர்த்திருக்கலாம். சொல்லாமல் விட்டதுதான் தாயை அரித்துத் தின்றது.

சரி, இப்போது சனிக்கிழமை. காலை ஏழு மணி.

ராகவியின் பல்கலைக்கழகத்தில் பசிபிக் தீவு மாணவர் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. நம் ராகவிக்கும் பசிபிக் தீவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். அவள் அப்பா கேதீஸ்வரன் கேட்டு அலுத்துவிட்டார். அந்தச் சங்கத்தில், ஒரு வருடம் படிக்க ஹவாயிலிருந்து வந்த ஒரு பெண் இருக்கிறாள். பெயர் புவா.

"பூவா? இதென்ன பேர்?" என்று முதல் நாளே கேட்டாள் இராஜேஸ்வரி.

"அவையின்ரை பாஷையிலை புவா எண்டால் பூ தான் அம்மா!" என்று துள்ளினாள் ராகவி.

மருமகன் பிரதீப்குமார் மட்டும் போனில், "எங்க ஊர்ல பூவான்னா சாப்பாடு. சாப்பாட்டுக்குத்தான் சங்கமே நடத்துறீங்களா?" என்று கிண்டலடித்தான்.

மே முதலாம் திகதி ஹவாயில் மாலைகளின் நாளாம். ஊரே மாலை கட்டி, ஒருவர் கழுத்தில் ஒருவர் போட்டுக் கொண்டாடுவார்களாம். வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்து அந்த நாளைச் சும்மா விட முடியாது என்று புவா ஒற்றைக்காலில் நின்றாள். மண்ணில் குழி வெட்டிப் பன்றி சுடப் பல்கலைக்கழகம் விடவில்லை. பரவாயில்லை, அவண் அடுப்பில் சுட்டாள். ஆட ஆள் இல்லை. ராகவியையும் இன்னும் ஏழு பேரையும் பிடித்து ஹூலா ஆட்டம் பழக்கினாள். மாலை கட்டத்தான் ஆள் வேண்டும். கோயிலுக்கு இருபது வருடமாக மாலை கட்டுகிற இராஜேஸ்வரி இருக்கும்போது வேறு யார் வேண்டும்?

எண்பது மாலை. புவாவும் ராகவியும் ஒத்தாசைக்கு இருக்க, வியாழனும் வெள்ளியுமாகக் கட்டி முடித்தார்கள். அவர்கள் அதை லேய் என்றார்கள். "டேய் எண்டு கூப்பிடுற மாதிரிக் கிடக்கு" என்று இராஜேஸ்வரி சிரித்தாள். கனநாளைக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்தாள்.

காலையில் மாலைகளைப் பெட்டிகளில் அடுக்கும்போதுதான் அது கண்ணில் பட்டது. தனியாக ஒரு சின்னப் பெட்டி. உள்ளே வெள்ளைப் பூவும் பச்சை இலையுமாக ஒரே ஒரு மாலை. மற்ற எல்லாவற்றையும் விட வடிவு. ஆனால் இரண்டு முனையும் சேராமல் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன.

"பாவம் பிள்ளையள், அவசரத்திலை மறந்து போச்சுதுகள்."

ராகவி குளித்துக்கொண்டிருந்தாள். இராஜேஸ்வரி இரண்டு முனையையும் சேர்த்து, நூலைச் சுற்றி இழுத்து, இன்னொரு தரம் சுற்றி, முனையைப் பூவுக்குள் செருகினாள். கோயிலில் அவள் கட்டிய மாலை இதுவரை அவிழ்ந்ததாகச் சரித்திரம் இல்லை. பெட்டியை மூடினாள். மூடியில் ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்து, டி என்று எழுதியிருந்ததைப் பார்த்தாள். ஒன்றும் யோசிக்கவில்லை.

அவள் யோசனை எல்லாம் தர்சினியிடம் முதல் வார்த்தை என்ன பேசுவது என்பதில் இருந்தது.

மண்டபத்துக்குள் பதினொரு மணிக்கே எழுபது பேருக்கு மேல். வாசலில் சங்கத்துப் பிள்ளைகள் வந்தவர்களுக்கு மாலை போட்டு, "அலோஹா" சொல்லி உள்ளே விட்டார்கள். நீள மேசையில் அலுமினியத் தட்டுகள். இறைச்சி, சோறு, தேங்காய்ப்பாலில் செய்த வெள்ளைத் துண்டுகள், ஊதா நிறத்தில் அரைத்த கிழங்கு. இராஜேஸ்வரி விரலில் தொட்டு நக்கிப் பார்த்தாள். நம்முடைய சேப்பங்கிழங்கேதான்! உப்பு மட்டும் இல்லை.

புவா கையில் சுரைக்குடுவையோடு ஓடி வந்தாள். அதைத் தட்டித்தான் ஆட்டத்துக்குத் தாளம் போட வேண்டும். முகம் வியர்த்திருந்தது. வீட்டில் இதெல்லாம் அவளுடைய சித்திமார் பார்ப்பது. இங்கே எல்லாம் அவள் தலையில்.

"அன்ரி, நீங்கள் இல்லாவிட்டால் நான் செத்திருப்பேன்" என்றாள் ஆங்கிலத்தில்.

"விசர்க் கதை கதையாதை" என்று தமிழிலேயே செல்லமாகக் கடிந்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னாள் இராஜேஸ்வரி. "ஒரு மாலையைக் கட்டாமல் விட்டுவிட்டீர்கள். வெள்ளை மாலை. நல்லவேளை நான் பார்த்தேன். கட்டிவிட்டேன்."

புவாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

"கட்டிவிட்டீர்களா?"

"ஓம். நல்ல இறுக்கமாக."

"அந்தப் பெட்டி எங்கே அன்ரி?"

வாசல் மேசைக்கு ஓடினாள். இராஜேஸ்வரியும் பின்னால் ஓடினாள். பெட்டி இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. வாசலில் நின்ற பெண் யாருக்கோ போட்டுவிட்டாள்.

"என்ன பிள்ளை? என்ன நடந்தது?"

புவா உதட்டைக் கடித்தாள். மறைக்கத் தெரியாத பிள்ளை. "அது மறந்துபோய் விட்டது இல்லை அன்ரி. அது அப்படித்தான் இருக்க வேண்டும். வயிற்றில் பிள்ளை இருக்கிறவர்களுக்கு எங்கள் ஊரில் மூடிய மாலை போட மாட்டோம். திறந்த மாலைதான். மூடினால்…" என்று நிறுத்தினாள்.

"மூடினால்?"

"கொடி பிள்ளையின் கழுத்தைச் சுற்றிவிடும் என்று சொல்வார்கள். சும்மா, பெரிய ஆட்கள் சொல்வது. நீங்கள் பயப்படாதீர்கள்."

கொடி. கழுத்து. இந்த இரண்டு சொல்லையும் இரண்டு வருடமாக இராஜேஸ்வரியின் வீட்டில் ஒருவரும் சேர்த்துச் சொன்னதில்லை.

"ஆருக்குப் பிள்ளை அந்த மாலை?"

புவா வெறும் பெட்டியை மூடினாள். மேடைப்பக்கம் யாரோ கூப்பிட, "மன்னியுங்கள் அன்ரி" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

தாய் மனம் எங்கே போகும்? நேரே வீட்டில் இருக்கிற பிள்ளையிடம் போனது. இருபது வயது. கலியாணமாகாதவள். ஒரு மாதமாக அறைக்கதவைச் சாத்திக்கொண்டு போனில் குசுகுசுப்பு. தாய் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். பெட்டி மூடியில் இருந்த டி என்ற எழுத்து அந்த நேரத்தில் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. பயம் வந்தால் புத்தி பின்னால் போய்விடும் என்பதை இராஜேஸ்வரியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மேடைக்குப் பின்னால் பெண்கள் எட்டுப் பேரும் மஞ்சள் பாவாடை கட்டி, தலையில் இலை சுற்றி வரிசையில் நின்றார்கள். ராகவியின் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்தாள்.

"உண்மையைச் சொல்லு. நீயோ?"

"என்ன நானோ?"

"அந்தக் கட்டாத மாலை. அது உனக்கோ?"

ராகவிக்கு விளங்க இரண்டு நொடி எடுத்தது. விளங்கியதும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. "ஐயோ அம்மா! எனக்கில்லை! ஓ மை காட்."

"அப்ப ஆருக்கு?"

சிரிப்புப் போய்விட்டது. ராகவி தாயைப் பார்க்காமல் திரைச்சீலையின் இடுக்கைப் பார்த்தாள். இராஜேஸ்வரியும் அந்த இடுக்கில் கண்ணை வைத்தாள்.

கடைசி வரிசை மேசையில், சுவரோரமாக, ஒருத்தி தனியாக இருந்தாள். ஹவாய்க்காரப் பெண்கள் போடுகிற, தோளிலிருந்து கால் வரை தொளதொளவென்று விழுகிற பூப்போட்ட கவுன். ராகவிதான் இதைப் போடச் சொல்லி முதலே அனுப்பியிருக்க வேண்டும். அதற்குள் ஒரு ஆளே ஒளிந்திருக்கலாம். கழுத்தில் வெள்ளைப் பூவும் பச்சை இலையும்.

தர்சினி.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, இராஜேஸ்வரியின் நெஞ்சு நிறைந்து வழிந்தது. என்ரை பிள்ளைக்குப் பிள்ளை! அடுத்த நொடி அந்த மாலை கண்ணில் குத்தியது. மூடிய மாலை. அவள் கையால் மூடிய மாலை.

"எத்தினை மாதம்?"

"இருபத்துநாலு கிழமை, ஆறாம் மாதம். அம்மா, ப்ளீஸ், உங்களுக்குத் தெரியும் எண்டு காட்டிக்கொள்ளாதேங்கோ. நான் அக்காவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தனான். அவாவாச் சொல்லுவா. அதுக்குத்தான் இண்டைக்கு வந்தவா எண்டு நினைக்கிறன்."

"நான் அதைக் கட்டிப்போட்டன் ராகவி."

"எதை?"

"அந்த மாலையை. முடிச்சுப் போட்டிட்டன்."

ராகவியின் முகம் மாறியது. அவள் தாயின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அம்மா, முதல் டான்ஸ் முடிய எங்கடை சங்கத்து வர்ஷா மைக்கிலை லேய் பற்றிப் பேசப் போறாள். எல்லாம் எழுதி வச்சிருக்கிறாள். திறந்த மாலைக் கதையும் அதிலை கிடக்கு."

"நிப்பாட்டு!"

"அவள் அந்தப் பக்கத்திலை நிக்கிறாள். இப்ப எங்கடை டான்ஸ்!"

அந்த நேரம் பார்த்து மண்டபத்து விளக்கு மங்கியது. மேடையில் புவாவின் குரல் எழுந்தது. சுரைக்குடுவையில் முதல் தட்டு விழுந்தது. வரிசை நகர்ந்தது. ராகவி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வெளிச்சத்துக்குள் போய்விட்டாள்.

ஒரு ஆட்டம். ஐந்து நிமிடம். அதற்குள் அந்த மாலை தர்சினியின் கழுத்தை விட்டு இறங்க வேண்டும். தர்சினிக்கு ஏன் என்று தெரியவும் கூடாது. முதல் பிள்ளைக்கு நித்திரை என்று சொன்ன தாய், இரண்டாவது பிள்ளைக்குக் கழுத்தில் சுருக்குப் போட்டாள் என்று மகள் நினைத்தால், அதற்குப் பிறகு ட்ருகனினா என்ன, சந்திரமண்டலம் என்ன, ஒரே தூரம்தான்.

இராஜேஸ்வரி கதிரைகளுக்கு இடையில் இடித்துக்கொண்டு போனாள். யாரோ ஒருவரின் காலை மிதித்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை.

"தர்சினி."

மகள் நிமிர்ந்தாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு பார்க்கிற முகம். கன்னம் ஒட்டி, கண்ணைச் சுற்றிக் கறுத்து. இந்த நேரத்தில் முகம் பூரித்திருக்க வேண்டாமா?

"வாங்கோ அம்மா. இருங்கோ."

"எப்பிடி இருக்கிறாய்?"

"இருக்கிறன்."

இவ்வளவுதான். இரண்டு இரவு யோசித்து வைத்த முதல் வார்த்தைகள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. இராஜேஸ்வரி பக்கத்துக் கதிரையில் பாதி இருந்தாள்.

"இந்த மாலை உனக்கு எடுப்பில்லை பிள்ளை. இந்தா, என்ரை சிவப்பு. இதைப் போடு. அதைக் கழற்றித் தா."

"பரவாயில்லை."

"பூவிலை எறும்பு கிடக்கு. நான் கண்டனான்."

"இல்லை அம்மா."

"கழுத்து அரிக்கும், கழற்று."

கையை நீட்டி மாலையைப் பிடித்தே விட்டாள். தர்சினி தாயின் மணிக்கட்டைப் பிடித்து விலக்கினாள். கோபத்தோடு இல்லை. ஆனால் அந்தக் கை ஐஸ் கட்டியாகக் குளிர்ந்திருந்தது.

"விடுங்கோ அம்மா. இப்ப என்னாலை ஏலாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கோ."

மேடையில் எட்டுப் பேரும் கைகளை அலைபோல அசைத்தார்கள். ராகவி சிரித்துக்கொண்டே ஆடினாள். சிரிக்கத்தான் வேண்டும், அது ஆட்டத்தின் விதி. கண் மட்டும் கடைசி மேசையை விட்டு அசையவில்லை. இராஜேஸ்வரி வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டாள். ஆட்டம் முடியக் கூடாது. இன்னும் ஒரு தரம் சுற்றட்டும். இன்னும் ஒரு தரம்.

ஆட்டம் முடிந்தது. கைதட்டல். மேடையின் மற்றப் பக்கத்திலிருந்து ஒரு பெண் மைக்கோடு வந்தாள். வர்ஷா. கையில் கடதாசி.

லேய் என்றால் அன்பு என்றாள். போட்டவருக்கு முன்னால் கழற்றினால் மரியாதை இல்லை என்றாள். குப்பையில் போடக் கூடாது, மண்ணுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றாள். இராஜேஸ்வரி அவள் கையிலிருந்த கடதாசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடதாசி முடிந்துவிட்டது போலிருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

வர்ஷா கடதாசியைத் திருப்பினாள்.

"கடைசியாக ஒன்று. கர்ப்பிணிப் பெண்களுக்கு நாங்கள் முடிச்சுப் போடாத மாலைதான் அணிவிப்போம். வட்டமாக மூடிய மாலை, கொடி குழந்தையின் கழுத்தைச் சுற்றுவதைக் குறிக்கும் என்று ஹவாய் மக்கள் நம்புகிறார்கள்."

யாரோ "அப்படியா!" என்று வியந்தார்கள். யாரோ சிரித்தார்கள்.

தர்சினியின் கை மெதுவாகக் கழுத்துக்குப் போனது. விரல்கள் பூப்பூவாகத் தடவிக்கொண்டே பின்பக்கம் போய் ஒரு இடத்தில் நின்றன. செருகியிருந்த நூல்முனையைக் கிளப்பின. சின்ன வயதில் கோயில் மண்டபத்தில் தாய்க்குப் பக்கத்தில் இருந்து நூறு தரம் போட்டுப் பழகிய முடிச்சு. அவளுக்குக் கண் வேண்டாம், விரலே போதும்.

திரும்பித் தாயைப் பார்த்தாள்.

"இது உங்கடை முடிச்சு."

இராஜேஸ்வரிக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ஓம் பிள்ளை. நான்தான். மறந்துபோய் விட்டிட்டினம் எண்டு நினைச்சுக் கட்டிப்போட்டன். எனக்கு ஒண்டும் தெரியாது தர்சினி. உனக்கு எண்டும் தெரியாது. இப்பதான், கொஞ்சம் முன்னம்தான்… என்ரை கை முறிஞ்சு போகாதோ! ரெண்டு தரமும் நான்தான். ரெண்டு தரமும் என்னாலைதான்."

சத்தமாகவே அழுதாள். முன்மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகள் எழுந்து போய்விடுவாள், இனிப் பிறந்தநாள் மெசேஜ் கூட வராது என்று இராஜேஸ்வரி முடிவே கட்டிவிட்டாள்.

தர்சினி எழும்பவில்லை. மாலையைத் தலை வழியாகக் கழற்றி மேசையில் வைத்தாள். அது வெறும் பூ என்பது போல வைத்தாள்.

"அம்மா, முடிச்சு கிடக்கட்டும்."

"பிள்ளை…"

"நான் சொல்லுறதைக் கேளுங்கோ." குரல் தாழ்ந்தது. தொளதொளத்த கவுனுக்கு மேலால் இரண்டு கையையும் வயிற்றில் வைத்திருந்தாள். "காலமை எழும்பினதிலை இருந்து அசையேல்லை."

இராஜேஸ்வரி கதிரையை இன்னும் கிட்ட இழுத்தாள்.

"எயார்போர்ட்டிலை நினைச்சன். பிளேனிலையும் நினைச்சன். நித்திரையாக்கும் எண்டு எனக்கு நானே சொன்னன் அம்மா. நீங்கள் சொன்ன அதே மாதிரி. குளிர்தண்ணியும் குடிச்சன். பிறகு பயம் வந்திட்டுது. பிரதீப்புக்குச் சொல்லப் பயம். ஆஸ்பத்திரிக்குத் தனியப் போகப் பயம். டொக்டர்மாரின்ரை முகத்தைப் பாத்தே எனக்குத் தெரிஞ்சிடும். ராகவி ஆடி முடியட்டும் எண்டு இருந்தன்."

இராஜேஸ்வரியின் வாயில் ஆயிரம் ஆறுதல் வார்த்தை வந்து நின்றது. ஒன்றும் இராது பிள்ளை. பயணக் களைப்பு. எனக்கும் உன்னைச் சுமந்தபோது இப்பிடித்தான். எல்லாமே நுனிநாக்கில். ஒரு தாய்க்கு இதைச் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தாய்மாருக்குத்தான் தெரியும்.

எல்லாவற்றையும் விழுங்கினாள்.

"எழும்பு" என்றாள். "கார் முன்னுக்குத்தான் நிக்குது. இப்பவே போறம்."

கைப்பையைத் தோளில் மாட்டி, மகளின் இடுப்பில் கையைக் கொடுத்து நடத்தினாள். அழுகை எங்கே போனதோ தெரியாது. மேடையில் இரண்டாம் ஆட்டம் தொடங்கியிருந்தது. நடுவரிசையில் இருந்த ராகவிக்கு அம்மாவும் அக்காவும் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போவது தெரிந்தது. அவள் கால் ஒரு அடி தவறியது. புவாவின் தாளம் அவளுக்காகக் காத்திருந்தது. கைகள் மறுபடி அலையாக எழுந்தன. சிரித்த முகத்தில் கண்ணீர் ஓடியதை முன்வரிசையில் இருந்தவர்கள் கண்டு, நல்ல முகபாவம் என்று மெச்சிக்கொண்டார்கள்.

வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிடம். இராஜேஸ்வரிக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகத் தெரிந்த பாதை. ஒன்பது வருடமாக அந்த ஆஸ்பத்திரிக் குசினியில் நோயாளிகளுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறவள். இன்றைக்கென்று பார்த்து ஒவ்வொரு சிக்னலும் சிவப்பு.

மருமகனின் போன் வந்தது. தர்சினி எடுக்க மாட்டேன் என்று தலையை ஆட்ட, ஸ்பீக்கரில் போட்டாள் தாய்.

"ஹலோ, தர்ஷி? ஃபங்ஷன் எப்படிப் போகுது? அத்தைகிட்ட சொல்லிட்டியா?"

"தம்பி, நான்தான் கதைக்கிறன்" என்றாள் இராஜேஸ்வரி. "எனக்குத் தெரியும். காலமையிலை இருந்து பிள்ளை அசையேல்லையாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு.

"அத்தை… போன தடவை மாதிரியா?"

"தெரியாது தம்பி."

"அடுத்த ஃப்ளைட்ல வர்றேன். அவள விட்டுட்டு எங்கயும் போயிடாதீங்க. ப்ளீஸ்."

தர்சினி கண்ணாடிப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் கியரில் இருந்த தாயின் கைமேல் அவள் கை வந்து இருந்தது. அது இன்னும் குளிர்ந்துதான் இருந்தது.

பிரசவப் பகுதியில் அவர்களைக் காக்க வைக்கவில்லை. இருபத்துநாலு கிழமை, அசைவில்லை, முதல் பிள்ளை தவறியது என்று இராஜேஸ்வரி மூச்சு விடாமல் சொல்லி முடிக்கும் முன்பே கதவு திறந்தது. நரைத்த தலையோடு ஒரு மருத்துவத்தாதி. கதவடியில் நின்று, "யாராவது கூட இருக்க விருப்பமா, அல்லது அம்மா வெளியே இருக்கட்டுமா?" என்று தர்சினியிடம் கேட்டாள்.

இராஜேஸ்வரி தானாகவே ஒரு அடி பின்னால் வைத்தாள். போன தரம் அவள் வெளியேதான் இருந்தாள். தர்சினி அப்படித்தான் கேட்டுக்கொண்டாள்.

"அம்மா உள்ளுக்கு வரட்டும்" என்றாள் தர்சினி.

கட்டிலில் படுக்க வைத்தார்கள். கவுனை உயர்த்தியபோது அந்த வயிற்றை இராஜேஸ்வரி முதல் தரம் கண்டாள். உருண்டையாக, சின்னதாக, பளபளவென்று. தொட வேண்டும் போலிருந்தது. தொடவில்லை. மருத்துவத்தாதி பசையைத் தடவி, கையளவு கருவியை வயிற்றில் வைத்து அழுத்தினாள்.

இரைச்சல். காற்று மைக்கில் பட்டதுபோன்ற இரைச்சல்.

பிறகு மெதுவான ஒரு துடிப்பு. இராஜேஸ்வரி கையைக் கூப்பிவிட்டாள். மருத்துவத்தாதி தலையை ஆட்டினாள். "இது உங்கள் மகளின் துடிப்பு."

கருவி இடப்பக்கம் போனது. வலப்பக்கம் வந்தது. தொப்புளுக்குக் கீழே நின்றது. இரைச்சல்தான். மருத்துவத்தாதி முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. சுவரில் இருந்த பொத்தானை முழங்கையால் அழுத்தினாள். வெளியே யாரோ விரைவாக நடந்து வரும் சத்தம் கேட்டது.

தர்சினி கண்ணை இறுக்க மூடியிருந்தாள். அவர்கள் முகங்களைப் பார்க்கப் பயம்.

"அம்மா."

"என்ன பிள்ளை."

"நான் பாக்க மாட்டன். நீங்கள் சொல்லுங்கோ. கேக்குதோ?"

ஓம் என்று ஒரு சொல். சொன்னால் அந்த முகம் கொஞ்சம் இளகும். இரண்டு நிமிடமாவது நிம்மதியாக மூச்சு விடுவாள். ஒரு தாய்க்கு அதைவிடச் சுலபமான பொய் உலகத்தில் இல்லை.

"இல்லை பிள்ளை" என்றாள் இராஜேஸ்வரி. "இன்னும் கேக்கேல்லை."

தர்சினியின் உதடு துடித்தது. மூடிய கண்ணின் ஓரத்தால் நீர் காதுக்குள் இறங்கியது. ஆனால் தாயின் கையை அவள் விடவில்லை. விரலுக்குள் விரலைக் கோர்த்து இறுக்கிப் பிடித்தாள்.

"அப்ப போகாதேங்கோ" என்றாள்.

"போகேல்லை. இஞ்சைதான் நிக்கிறன்."

கதவு திறந்து டொக்டர் ஸ்கான் மெஷினைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

(தொடரும்)